ஏரிக்கரைக்கு அடியில் ஊறும் நீர்: கண்டறிவதும் கண்காணிப்பதும்

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும், கரையின் வெளிப்புறத்தில் சில இடங்களில் மண் நனைந்து ஈரம் காண்பதை விவசாயிகள் அறிவர். சில ஏரிகளில் இந்த ஈரம் சிறு ஊற்றாகி, வாய்க்காலில் தெளிந்த நீராக ஓடும். கரைக்குக் கீழே உள்ள கிணறுகளில் நீர் மட்டம் உயரும். மதகு திறக்காமலேயே கரையோர வயல்களில் நாற்று விடும் அளவுக்கு ஈரம் இருக்கும். இதைக் கண்டு மகிழ்பவர்களும் உண்டு, கரை உடைந்துவிடுமோ என்று அஞ்சுபவர்களும் உண்டு. இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எந்தக் கசிவு நன்மை தரும், எது ஆபத்தின் அறிகுறி என்று பிரித்தறிவதே முக்கியம். அதற்கு உதவும் எளிய முறைகளை இக்கட்டுரையில் காண்போம்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை மண் கரைகளே. உயரம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் குறிப்பிட்ட சிலவும் 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கு கசிவை அளந்து பதிவு செய்யப் பொறியாளர்கள் இருக்கின்றனர். நம் ஊர்ச் சிற்றேரிகள் இந்த உயரத்துக்கு வருவதில்லை. அவற்றின் கரையைத் தினமும் பார்ப்பவர் அந்த ஆயக்கட்டு விவசாயிதான். ஆகவே இதை அவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கசிவு ஏன் ஏற்படுகிறது?

எந்த மண்ணும் முற்றிலும் நீர் புகாதது அல்ல. களிமண்ணில் நீர் மிக மெதுவாகவும், மணலில் விரைவாகவும் நகரும். 1856-இல் பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் ஹென்றி டார்சி இதற்கான விதியைக் கண்டறிந்தார். நீர் மட்ட வேறுபாடு கூடினால் கசிவு கூடும். நீர் கடக்க வேண்டிய தூரம் கூடினால் கசிவு குறையும். ஏரியில் 5 அடி நீர் நின்றபோது தெரியாத ஈரம் 10 அடி நின்றதும் தெரிவதற்கு இதுவே காரணம்.

கசியும் நீர் மூன்று வழிகளில் வரலாம்.

1. கரையின் உடல் வழியாக: கரை சரியாக இறுகாமல் இருந்தாலோ, எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று, பட்டுப்போன மரத்தின் வேர்த் துளை ஆகியவை இருந்தாலோ இவ்வழியில் நீர் வரும்.

2. கரைக்கு அடியில் உள்ள தரை வழியாக: பழைய ஓடையின் மணல் படுகை மீது கரை போடப்பட்டிருந்தால், மேலே எவ்வளவு நல்ல களிமண் இருந்தாலும் அடியில் நீர் ஓடும். கரையில் ஒரு துளி ஈரமும் இல்லாமல், கரையடியிலிருந்து சற்றுத் தள்ளி வயலில் ஊற்று கிளம்பினால் இவ்வழியைச் சந்தேகிக்க வேண்டும்.

3. மதகின் ஓரமாக: கல் அல்லது கான்கிரீட் கட்டடமும் மண்ணும் சேரும் இடம் எப்போதும் பலவீனமானது. மண் காய்ந்து சுருங்கும்போது கட்டடத்தை ஒட்டி இடைவெளி விழும். பல ஏரிகளில் முதல் கசிவு தோன்றுவது இங்கேதான்.

நீர் போவதல்ல, மண் போவதே ஆபத்து

கசிவு நீர் மண்ணின் இடைவெளிகளில் ஊர்ந்து வெளியேறும்போது மண் துகள்களையும் தள்ளுகிறது. வெளியேறும் இடத்தில் வேகம் குறைவாக இருந்தால் துகள்கள் அசைவதில்லை. வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் முதலில் அந்த இடத்து மண் கிளம்புகிறது. அங்கே சிறு குழி விழுகிறது. குழி விழுந்ததும் நீர் கடக்க வேண்டிய தூரம் குறைகிறது. அதனால் வேகம் மேலும் கூடுகிறது. மேலும் மண் போகிறது. இப்படி வெளிப்புறத்தில் தொடங்கிய அரிப்பு, ஏரியை நோக்கிப் பின்னாலேயே நகர்ந்து ஒரு குழாய் போலத் துளையை உண்டாக்கிவிடும். துளை ஏரி நீரைத் தொட்டதும் உடைப்பு நேரிடும். மேலிருந்து பார்ப்பவருக்குக் கடைசி வரை கரை நன்றாகவே தோன்றும்.

உலகெங்கும் உடைந்த பெரிய மண் அணைகளில் ஏறத்தாழப் பாதி, இத்தகைய உள் அரிப்பினால் உடைந்தவை. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் கட்டப்பட்ட டீட்டன் அணை ஓர் உதாரணம். 93 மீட்டர் உயரமுள்ள இந்த மண் அணையில் முதன்முறையாக நீர் நிரப்பினர். 1976 ஜூன் 3-ஆம் தேதி அணைக்குக் கீழே தெளிந்த நீர் ஊற்றுகள் தென்பட்டன. ஜூன் 5-ஆம் தேதி காலையில் கலங்கல் நீர் வந்தது. துளையை அடைக்க அனுப்பிய இரண்டு புல்டோசர்களையும் துளை விழுங்கிவிட்டது, ஓட்டியவர்கள் தப்பினர். நண்பகலுக்கு 3 நிமிடம் இருக்கையில் அணை உடைந்தது. 11 பேர் மாண்டனர். கலங்கல் நீர் தெரிந்ததற்கும் உடைப்புக்கும் இடையே கிடைத்த அவகாசம் ஐந்து மணி நேரம் கூட இல்லை.

நமக்கு அருகில் இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் உள்ள கந்தளாய்க் குளம் பல நூற்றாண்டுகள் பழமையானது. அதன் கரை 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் ஊர் உறங்கும் வேளையில் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பழைய கரை என்பதால் மட்டும் அது பலமான கரை ஆகிவிடாது என்பதை இதிலிருந்து உணரலாம்.

இந்தியாவில் நடந்த ஆராய்ச்சி

நீர் அடித்தளத்தில் எப்படி ஊர்கிறது என்ற ஆராய்ச்சிக்கு வித்திட்டதே நம் நாட்டு அணைக்கட்டுகள்தான். பஞ்சாபில் செனாப் ஆற்றின் மீது மணல் படுகையில் கட்டப்பட்ட கான்கி அணைக்கட்டு 1895-இல் சேதமடைந்தது. கங்கையின் மீது இருந்த நரோரா அணைக்கட்டுக்கு 1898-இல் அதே கதி நேர்ந்தது. கட்டடத்தின் அடியில் ஊறிய நீரின் அழுத்தமும் அரிப்பும் இதற்குக் காரணமென ஆராய்ந்தனர். பிற்காலத்தில் பொறியாளர் ஏ.என்.கோஸ்லா, கட்டடங்களின் அடியில் குழாய்களை இறக்கி நீரின் அழுத்தத்தை நேரில் அளந்தார். நீர் வெளியேறும் முனையில் உள்ள வேகமே கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்றும், அம்முனையில் ஆழமான தடுப்புச் சுவர் அவசியம் என்றும் அவரும் அவருடைய குழுவினரும் 1936-இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். இன்று ஓடைகளில் கட்டும் சிறிய தடுப்பணைக்கும் இதே விதிதான். அடியில் தடுப்புச் சுவர் இல்லாமல் மணல் மீது வெறும் தளம் போட்டுக் கட்டிய தடுப்பணை நீடித்து நிற்பது அரிது. உங்கள் ஊரில் தடுப்பணை கட்டும்போது கடைக்கால் எவ்வளவு ஆழம் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கசிவை ஆராயும் எளிய முறைகள்

கீழ்க்கண்ட முறைகளுக்கு அதிகச் செலவு இல்லை. ஏரிப் பாசன சங்கத்தினரோ, இரண்டு மூன்று விவசாயிகள் சேர்ந்தோ செய்யலாம்.

கரையைச் சுற்றிப் பார்த்தல்: ஏரி பாதிக்கு மேல் நிறைந்த பின் வாரம் இருமுறையும், முழுக் கொள்ளளவு எட்டிய பின் தினமும், கரையின் வெளிச்சரிவையும் அடியையும் நடந்து பார்க்க வேண்டும். காலை வெயில் ஏறும் முன் பார்ப்பது நல்லது. சுற்றிலும் புல் காய்ந்திருக்க ஓரிடத்தில் மட்டும் கோரையும் சம்பும் பசுமையாக வளர்ந்திருந்தால் அங்கே கசிவு உண்டு. மதகின் இரு புறமும், கரை பழைய ஓடையைக் கடக்கும் இடமும், முன்பு உடைப்பு எடுத்து அடைத்த இடமும் கூடுதல் கவனத்துக்குரியவை. இவ்விடங்களை ஊர்ப் பெரியவர்களும் நீர்க்கட்டியும் நன்கு அறிவார்கள். அவர்களைக் கேட்டுக் குறித்து வைக்க வேண்டும்.

அளவு பார்த்தல்: கசிவு நீரைச் சிறு வாய்க்காலில் சேர்த்து ஒரு குழாய் வழியே விழச் செய்து, 15 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கவும். 20 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 45 லிட்டர் கசிகிறது. கசிவு அதிகமாக இருந்தால் தகரத்திலோ பலகையிலோ செங்கோணமாக 'வி' வடிவ வெட்டு வெட்டி, வாய்க்காலின் குறுக்கே நட்டு, வெட்டின் அடி முனையிலிருந்து நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளக்கலாம். பலகைக்கு இரண்டு மூன்று அடி மேற்புறமாக, நீர் அமைதியாக இருக்கும் இடத்தில் இந்த உயரத்தைப் பார்க்க வேண்டும். பலகையின் ஓரங்களில் நீர் ஒழுகாமல் களிமண்ணால் பூச வேண்டும்.

நீர் உயரம் 3 செ.மீ. - நிமிடத்துக்குச் சுமார் 13 லிட்டர்
5 செ.மீ. - சுமார் 46 லிட்டர்
8 செ.மீ. - சுமார் 150 லிட்டர்
10 செ.மீ. - சுமார் 260 லிட்டர்

உயரம் இரு மடங்கானால் நீர் ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது என்பதைக் கவனிக்கவும். பெரிய மண் அணைகளின் அடியிலும் இதே வகை வெட்டுப் பலகை கொண்டுதான் கசிவை அளக்கின்றனர்.

கலங்கல் பார்த்தல்: கசிவு நீரை நிறமற்ற கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி, ஓர் இரவு அசைக்காமல் வைக்கவும். அடியில் மண் படிந்தால் கரையிலிருந்தோ அடித்தளத்திலிருந்தோ மண் வெளியேறுகிறது. ஊற்று வாயைச் சுற்றி எறும்புப் புற்றைப் போல மணல் குவிந்தாலும் அதே பொருள்தான். பாட்டில்களைக் கொட்டிவிடாமல் வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குறிப்பேடு: ஒரு நோட்டில் தேதி, ஏரியின் நீர் மட்டம், கசிவின் அளவு, நீர் தெளிவா கலங்கலா, அன்று மழை உண்டா ஆகியவற்றை எழுதவும். மழை நாளில் கரையில் வழியும் நீரும் சேர்ந்துவிடுமாதலால் அந்த அளவைக் கணக்கில் கொள்ள வேண்டாம். ஒரே நீர் மட்டத்தில் கசிவின் அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறதா என்பதே முக்கியம். உதாரணமாக, ஏரியில் 8 அடி நீர் நிற்கும்போது சென்ற ஆண்டு நிமிடத்துக்கு 46 லிட்டர் கசிந்து, இந்த ஆண்டு அதே 8 அடியில் 150 லிட்டர் கசிந்தால் அடியில் வழி அகன்றுவிட்டது என்று அறியலாம். ஏரி மட்டம் உயர்ந்து அதனால் கசிவு கூடினால் அது இயல்பு. கசிவு திடீரெனக் குறைந்தாலும் மகிழ்ந்துவிடக் கூடாது. வேறு இடத்தில் வெளியேறுகிறதா என்று தேட வேண்டும்.

கசியும் நீர் ஏரி நீர்தானா?

கரைக்குக் கீழே தோன்றும் எல்லா ஈரமும் ஏரியிலிருந்து வருவதல்ல. மேட்டு வயல்களில் பாய்ச்சிய நீரும், இயல்பான நிலத்தடி நீரும் பள்ளத்தில் வெளிப்படலாம். இதை அறிய, ஏரி நீர், கசிவு நீர், அருகிலுள்ள கிணற்று நீர் மூன்றையும் தனித்தனிச் சுத்தமான பாட்டில்களில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின் கடத்துத்திறன் பார்க்கச் சொல்லலாம். நீரில் கரைந்துள்ள உப்பின் அளவை இது காட்டும். மழை நீர் சேர்ந்த ஏரியில் பொதுவாக உப்பு குறைவு. கசிவு நீரின் அளவு ஏறத்தாழ ஏரி நீரைப் போலவே இருந்தால், அது குறுகிய வழியில் விரைவாக வருகிறது. உடனே கவனிக்க வேண்டும். கிணற்று நீரை ஒத்திருந்தால் நெடுந்தூரம் மண்ணில் ஊறி வருகிறது, அல்லது ஏரிக்குத் தொடர்பே இல்லாத நிலத்தடி நீர் என்று கொள்ளலாம். இந்த ஒரு சோதனையை வைத்து மட்டும் முடிவுக்கு வராமல், ஏரி மட்டம் ஏறி இறங்கும்போது கசிவும் ஏறி இறங்குகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெரிய அணைகளில் இதற்கு மேலும் நுட்பமான முறைகள் உள்ளன. பச்சை நிறத்தில் ஒளிரும் சாயத்தை நீர்த்தேக்கத்தில் விட்டு எங்கே வெளிவருகிறது என்று பார்ப்பது, கதிரியக்க ஐசோடோப்புகளைக் கொண்டு வழியைக் கண்டறிவது, தரையில் மின்சாரம் செலுத்தி ஈரமான பகுதியை அறிவது, நீரின் வெப்பநிலையை ஆழத்துக்கு ஆழம் அளப்பது, துளைக் குழாய்கள் இறக்கி நீர் அழுத்தம் பார்ப்பது ஆகியவை அவை. இவற்றைப் பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும். துளைக் குழாய் இறக்குவதாக எண்ணி விவசாயிகள் தாங்களாகவே கரையில் துளையிடுவது கூடவே கூடாது.

செய்யத் தகாதவை

வறட்சி மாவட்டம் ஒன்றில் ஒரு சிற்றேரியை நான் பார்வையிட்டபோது, கரையின் வெளிப்புறத்தில் கசிந்த இடத்தில் வண்டி வண்டியாகக் களிமண் கொட்டி இறுக்கியிருந்தார்கள். சில நாட்கள் கசிவு நின்றது. பின்னர் அதற்கு இருபது அடி தள்ளி வயலில் புதிய ஊற்று கிளம்பி மணலைக் கக்கியது. பொறியாளர் வந்து களிமண்ணை அகற்றி, அந்த இடத்தில் மணலும் ஜல்லியும் பரப்பிய பின் நீர் தெளிந்தது. நீர் வெளியேறும் பக்கத்தில் அடைத்தால், அடியில் அழுத்தம் கூடி நீர் வேறு வழி தேடும். அடைப்பதானால் நீர் புகும் பக்கத்தில், அதாவது ஏரியின் உட்புறத்தில் அடைக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் மண் போகாமல் நீரை மட்டும் போக விட வேண்டும்.

கரம்பை எடுக்கும்போது கரையை ஒட்டித் தோண்டக் கூடாது. உட்புறத்தில் ஆண்டாண்டாகப் படிந்த வண்டல், ஏரிக்கு விரித்த பாய் போலக் கசிவைத் தடுக்கிறது. கரையோரத்தில் அதைச் சுரண்டி எடுத்தால் அடியிலுள்ள மணல் வெளிப்பட்டு, அடுத்த மழையில் கசிவு பெருகும். வயலுக்கு வண்டல் வேண்டுமென்றால் பொறியாளர் முளை அடித்துக் காட்டும் எல்லைக்கு உள்ளேயே எடுக்கவும். தூர் வாரிய பின் முதன்முறை ஏரி நிறையும்போது தினமும் கரையைப் பார்க்க வேண்டும்.

கரையடியில் கிணறு வெட்டுவதும் ஆழ்துளை போடுவதும், கரையை வெட்டிக் குழாய் பதிப்பதும் தவறு. கசிவு நீரைக் கிணற்றில் சேர்க்க ஆசைப்பட்டுக் கரையடியில் பள்ளம் எடுத்தால் நீர் கடக்கும் தூரம் குறைந்து அரிப்பு தொடங்கும். கரையில் வளர்ந்த சீமைக் கருவேல மரங்களை ஏரி நிறைந்திருக்கும்போது வேரோடு பிடுங்கக் கூடாது. கோடையில் அகற்றி, வேர்க் குழிகளை நல்ல மண்ணிட்டுத் திமிசு கொண்டு இறுக்க வேண்டும். வளைகளையும் புற்றுகளையும் அப்போதே தோண்டி அடைக்கலாம்.

கலங்கல் நீர் வந்தால்

1. உடனே ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், நீர்வளத் துறை உதவிப் பொறியாளர் ஆகியோருக்குச் சொல்லவும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077.

2. கரைக்குக் கீழே குடியிருப்பவர்களை மேட்டுக்கு அனுப்பவும். இரவானாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது.

3. பொறுப்பாளர் அனுமதியுடன் மதகுகளைத் திறந்து ஏரி மட்டத்தைக் குறைக்கவும்.

4. பொறியாளர் வரும் வரை, அணுகுவதற்கு ஆபத்தில்லை என்றால் மட்டும், ஊற்று வாயின் மீது முதலில் பெருமணலும், அதன் மேல் சிறு ஜல்லியும், அதன் மேல் பெரிய கற்களும் அடுக்காகப் பரப்பவும். அடுக்கு மாறக் கூடாது. ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர் சற்று உயர்ந்து நிற்கும்படி செய்தால் வேகம் தணியும். ஊற்று முழுவதும் நிற்கும் அளவுக்கு வட்டத்தை உயர்த்த வேண்டாம்.

5. ஏரியின் உட்புறத்தில் சுழி தெரிந்தால் அங்கே யாரும் இறங்கக் கூடாது. சுழியில் சிக்கினால் துளைக்குள் இழுக்கப்படுவர். பொறியாளர் முன்னிலையில் வைக்கோல் கட்டுகள், தார்ப்பாய், களிமண் மூட்டைகள் கொண்டு கரையில் நின்றே அடைப்பார்கள்.

தெளிந்த கசிவைப் பயன்படுத்துதல்

நீர் தெளிவாக இருந்து, அளவும் மாறாமல் இருந்தால் அந்தக் கசிவை முழுவதும் நிறுத்த முயல வேண்டியதில்லை. கோடையில் கரைக்குக் கீழுள்ள கிணறுகள் வற்றாமல் இருக்க அதுவே உதவுகிறது. கீழ்பவானி வாய்க்கால் பகுதியில் கான்கிரீட் தளம் போடுவது குறித்து விவசாயிகளிடையே இரு கருத்து எழுந்ததற்குக் காரணமும் இதுவே. கடைமடைக்காரருக்குக் கசிவு நஷ்டம். வாய்க்காலோரக் கிணற்றுக்காரருக்கு அதுவே பாசனம். ஊர் ஏரியிலும் அளந்து பார்த்து, இருதரப்பும் கூடிப் பேசி முடிவு செய்வது நல்லது.

கசிவு ஈரம் ஆண்டு முழுவதும் தேங்கும் வயல்களில் உப்பு மேலே ஏறி நிலம் களராகவோ உவராகவோ மாறும். இவ்வயல்களில் மண் பரிசோதனை செய்து, களர் என்று தெரிந்தால் பரிந்துரைத்த அளவு ஜிப்சம் இட்டு, நீர் தேக்கிப் பின் வடிக்க வேண்டும். வடிகால் வாய்க்காலைக் கரையடியில் எடுக்காமல், பொறியாளர் காட்டும் தூரத்துக்கு அப்பால் எடுக்கவும். உப்பைத் தாங்கும் திருச்சி 1 போன்ற நெல் இரகங்களையும், பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டையும் இவ்வயல்களில் பயிரிடலாம்.

வரும் மழைக்காலத்துக்கு முன் ஒரு நோட்டும், இரண்டு மூன்று பாட்டில்களும், ஒரு வெட்டுப் பலகையும் தயார் செய்து கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுக் குறிப்பு கையில் இருந்தால், கரையைப் பலப்படுத்தக் கோரும் மனுவுடன் அதை இணைத்துக் கொடுக்கலாம். எந்த இடத்தில், எத்தனை அடி நீரில், எவ்வளவு கசிகிறது என்று எழுதிக் காட்டினால் பொறியாளர் ஆய்வைத் தொடங்க அது பெரிதும் உதவும். நீர் மாதிரிச் சோதனைக்கு அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தையும், வெட்டுப் பலகை அமைக்கவும் வடிகால் ஆலோசனைக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையும் விவசாயிகள் அணுகலாம்.